பட்டர் ஃப்ரூட்டை நசுக்காமல் எடுக்கும் ரோபோ கை: தொடு சென்சார் முதல் முடிவெடுக்கும் நிரல் வரை முழு வழிகாட்டி

கொடைக்கானல் மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிச் செடிகளுக்கு நடுவே விளையும் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ), மரத்தில் இருக்கும்வரை கல்லாகத்தான் இருக்கும். பறித்த பிறகுதான் கனியும். ஒரே நாளில் ஒரே மரத்தில் பறித்து ஒரே கிரேட்டில் வைத்தாலும், நான்காம் நாள் ஒன்று கல்லாகவும் பக்கத்தில் இருப்பது வெண்ணெயாகவும் இருக்கும். பல ரகங்களில் தோல் நிறம் மாறாது. கேமராவை மட்டும் நம்பிய கிரிப்பர் (ரோபோவின் பிடிக்கும் கை) எல்லாப் பழத்தையும் ஒரே அழுத்தத்தில் பிடிக்கும். பாதி நழுவும், பாதி நசுங்கும்.

பழத்தைத் தொட்டு, பதம் பார்த்து, எவ்வளவு அழுத்துவது என்றும் எடுப்பதா விடுவதா என்றும் தானே தீர்மானிக்கும் இரண்டு விரல் கிரிப்பரைக் கட்டும் வரிசை இது. புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இயந்திரக் கற்றல் மாடலில் தொடங்கி, கடைசியில் விரலுக்கு வருகிறார்கள். அப்படிச் செய்தால் மாடல் பழத்தைக் கற்காது, சென்சாரின் கோளாறுகளைக் கற்றுக்கொள்ளும். விரல், அளவுத்திருத்தம், எளிய விதிகள், அதன் பிறகு கற்றல் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

1. மலையேறும் முன் சேகரிக்க வேண்டியவை

ஒரு சின்ன ரெசிஸ்டருக்காக வத்தலக்குண்டுக்கு இறங்கி ஏறினால் ஒரு நாள் போய்விடும். அதனால் எல்லாவற்றிலும் ஒன்று கூடுதலாக வாங்குங்கள்.

இ.எஸ்.பி.32 போர்டு (நிரலை ஓட்டும் குட்டிக் கணினி) 1. நிலையைத் திருப்பிச் சொல்லும் பஸ் சர்வோ (விரலை நகர்த்தும் மோட்டார்) 1, எஸ்.டி.எஸ்.3215 போன்றது போதும், ஒரு சுற்றுக்கு 4,096 படிகள் தரும். 1 கிலோ பட்டை வடிவ லோடு செல் (விசையை அளக்கும் உலோகப் பட்டை) 1, அதன் அளவைப் படித்துத் தரும் ஹெச்.எக்ஸ்.711 மாட்யூல் 1. எஃப்.எஸ்.ஆர். 402 அழுத்த சென்சார் (அழுத்தினால் மின்தடை குறையும் மெல்லிய படலம்) 4. எம்.பி.யு.6050 அதிர்வு சென்சார் 2. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 4, 1,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 1. பிளாட்டினம் வகை சிலிக்கோன் ரப்பர் அரை கிலோ. 50, 100, 200, 500 கிராம் எடைக்கற்கள். பழத்தின் விட்டத்துக்கு, அதாவது 70 மி.மீ. அளவில், கடைந்த மர உருண்டை ஒன்று.

மர உருண்டையைத் தேவையில்லாத பொருள் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 5-ம், 7-ம், 12-ம் படிகள் அது இல்லாமல் நடக்காது.

2. விரலைக் கட்டுதல்

இரண்டு விரல்களுக்கும் வேலை வேறு. இடது விரலின் உடம்பே லோடு செல்தான். வலது விரலின் முகத்தில் நான்கு எஃப்.எஸ்.ஆர்., மேலே இரண்டு, கீழே இரண்டு. ஏன் இரண்டும் வேண்டும்? லோடு செல் உண்மையான விசையைச் சொல்லும், ஆனால் தாமதமாக. எஃப்.எஸ்.ஆர். உடனே சொல்லும், ஆனால் கூட்டியோ குறைத்தோ சொல்லும். பிடிபட்ட பழம் அசையாமல் நிற்கும்போது இரண்டு விரலிலும் அழுத்தம் சமம் என்பதால், ஒன்றை வைத்து மற்றதைத் திருத்தலாம்.

லோடு செல்லை மாட்டும்போது அடிப்பக்கத்துக்கும் விரல் தகட்டுக்கும் நடுவே 2 மி.மீ. வாஷர் போடுங்கள். பட்டை வளைந்தால்தான் அளவு வரும். தகட்டோடு ஒட்டி முறுக்கிவிட்டு "ரீடிங் மாறவே மாட்டேன் என்கிறது" என்று குழம்புவதுதான் முதல் நாள் தவறு. பட்டையில் உள்ள அம்புக்குறி விசையின் திசையில் இருக்க வேண்டும்.

சர்வோவின் பலத்தைக் குறைப்பதை மறக்காதீர்கள். 7.4 வோல்ட் சர்வோ ஏறக்குறைய 19 கிலோ-சென்டிமீட்டர் முறுக்கு தரும். 10 மி.மீ. ஆரமுள்ள பல்சக்கரம் இரண்டு விரல்களையும் தள்ளினால் ஒவ்வொன்றிலும் 9 கிலோவுக்கு மேல் விசை வரும்; 1 கிலோ லோடு செல் ஒரே அழுத்தில் வளைந்து நிரந்தரமாகக் கெட்டுவிடும். சர்வோவின் முறுக்கு வரம்பை 10 சதவீதத்தில் தொடங்குங்கள். விரல் நகரவில்லை என்றால் ஒவ்வொரு சதவீதமாக ஏற்றுங்கள். கூடவே பட்டைக்குப் பின்னால் ஒரு தடுப்பு ஸ்குரூ வையுங்கள்: 1 கிலோ ஏற்றும்போது பட்டை அதைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி.

எஃப்.எஸ்.ஆர்.-இன் நடுவட்டம் 12.7 மி.மீ. விட்டம். அதன் மேல் 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. கனத்தில் ஒரு சின்ன வில்லையை ஒட்டுங்கள். வில்லை இல்லாமல் திண்டை (3-ம் படியில் வார்க்கும் சிலிக்கோன் மெத்தையை) நேராக வைத்தால், சுமையைச் சென்சாரின் விளிம்பு வளையமே தாங்கிக்கொள்ளும். நடுவட்டத்துக்கு ஒன்றும் போகாது. வால் பகுதியில் நேரடியாகச் சால்டர் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் உருகிவிடும். கிரிம்ப் கனெக்டர் போடுங்கள்.

மலைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கொடைக்கானல் ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. எஃப்.எஸ்.ஆர்.-இன் இரு படலங்களுக்கு நடுவே காற்றிடைவெளி இருக்கிறது. அது வால் வழியாக வெளியே திறந்திருக்கும். ஈரம் புகக்கூடாது என்று மதுரையில் வைத்தே அந்த வழியைப் பசையால் அடைத்துக்கொண்டு மேலே வந்தால், உள்ளே சிக்கிய காற்று உப்பிப் படலங்களைப் பிரிக்கும். மெல்லிய தொடுதல் எதுவும் பதிவாகாது. வாலின் முனையை ஈரம் படாத இடத்துக்குக் கொண்டுபோய்த் திறந்தபடியே விடுங்கள். காற்றடைத்த திண்டு செய்பவர்களுக்கும் இதே தொல்லைதான். வேலை செய்யும் உயரத்திலேயே மூடுங்கள்.

ஒரு அதிர்வு சென்சாரை வலது விரல் நுனியில் திண்டுக்குப் பின்னால் ஒட்டுங்கள். இரண்டாவதை மணிக்கட்டில், சர்வோவுக்குப் பக்கத்தில். ஏன் இரண்டு என்பது 9-ம் படியில் புரியும்.

3. சிலிக்கோன் திண்டு வார்த்தல்

3 மி.மீ. கனம், ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 10 முதல் 20 வரை மென்மை. இதைவிடக் கனமாக வார்த்தால் பழத்தின் பதம் திண்டுக்குள்ளேயே மறைந்துவிடும். மெல்லியதாக இருந்தால் வில்லையின் விளிம்பு பழத்தில் தடம் பதிக்கும்.

குளிர்தான் இங்கே எதிரி. பிளாட்டினம் சிலிக்கோன் 18 டிகிரிக்குக் கீழே சரியாக இறுகாது. டிசம்பர் இரவில் அச்சில் ஊற்றி வைத்தால் காலையிலும் பிசுபிசுக்கும். தெர்மோகோல் பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, பல்பு சுவரில் படாமல், 30 டிகிரி அளவில் வையுங்கள். ஊற்றிய திண்டு மட்டும் அல்ல, கலக்கும் முன் இரண்டு பாட்டில்களும் அந்தச் சூட்டுக்கு வர வேண்டும்.

இறுகாமல் போவதற்கு இன்னொரு காரணம் கந்தகம் போன்ற பொருட்கள். லேடெக்ஸ் கையுறை, சில வகைக் களிமண், முழுதாக இறுகாத ரெசின் அச்சு ஆகியவை பட்ட இடம் இறுகாது. நைட்ரைல் கையுறையும், பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்டரில் எடுத்த வார்ப்பு அச்சும் பயன்படுத்துங்கள்.

4. மின்சாரமும் வயரிங்கும்

சர்வோவுக்குத் தனி சப்ளை, போர்டுக்குத் தனி சப்ளை. தரைவயர் மட்டும் பொது. தோட்டத்து ஷெட்டில் வோல்டேஜ் தாழ்வது சாதாரணம். ஒரே சப்ளையில் ஓட்டினால், விரல் பழத்தை இறுக்கும் அந்த நொடியில் போர்டு ரீசெட் ஆகும். கெப்பாசிட்டரைச் சர்வோ வயரின் அருகிலேயே வையுங்கள்.

நான்கு எஃப்.எஸ்.ஆர்.-களையும் 32, 33, 34, 35 எண் கால்களில் இணையுங்கள். இவை போர்டின் முதல் ஏ.டி.சி.-யைச் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) சேர்ந்தவை. இரண்டாவது ஏ.டி.சி.-யின் கால்கள் வைஃபை ஓடும்போது வேலை செய்யாது. மேசையில் சரியாக ஓடியது, வைஃபை போட்டதும் நின்றுபோவது இதனால்தான்.

ஹெச்.எக்ஸ்.711 மாட்யூல்கள் பெரும்பாலும் நொடிக்கு 10 அளவு என்ற வேகத்தில் வருகின்றன. அந்த வேகத்தில் ஒரு திடீர் மாற்றம் முழுதாகத் தெரிய 400 மில்லிநொடி ஆகும். விரல் நொடிக்கு 20 மி.மீ. நகர்ந்தால் அதற்குள் 8 மி.மீ. உள்ளே போயிருக்கும், பழம் சட்னி. சிப்பின் 15-வது காலைத் தரையிலிருந்து பிரித்துப் பக்கத்தில் உள்ள 16-வது காலோடு இணைத்தால் நொடிக்கு 80 அளவு கிடைக்கும், தாமதம் 50 மில்லிநொடியாகக் குறையும். அப்போதும் முதல் தொடுதலை எஃப்.எஸ்.ஆர்.-இடம்தான் கேட்க வேண்டும்.

5. அளவுத்திருத்தம்

முதலில் லோடு செல். விரலைப் படுக்கை வசமாக வைத்து 50, 100, 200, 500 கிராம் என்று ஏற்றுங்கள், பிறகு தலைகீழ் வரிசையில் இறக்குங்கள். ஒவ்வொன்றிலும் 10 நொடி காத்திருந்து குறித்துக்கொள்ளுங்கள். 100 கிராம் என்பது 0.98 நியூட்டன். ஏறும்போதும் இறங்கும்போதும் வரும் எண்கள் வெகுவாக வேறுபட்டால் ஏதோ ஒரு ஸ்குரூ தளர்ந்திருக்கிறது.

அடுத்தது எஃப்.எஸ்.ஆர். அதன் மின்தடையை நேரடியாக விசையாக மாற்ற முயலாதீர்கள், அது வளைந்த கோடு. மின்தடையின் தலைகீழான கடத்துதிறன் விசையோடு ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். மர உருண்டையை இரண்டு விரலுக்கும் நடுவே வைத்து, 0.5 முதல் 6 நியூட்டன் வரை 30 முறை அழுத்துங்கள். லோடு செல் சொல்லும் விசையை ஒரு பக்கமும், நான்கு கடத்துதிறன்களின் கூட்டலை மறுபக்கமும் வைத்துக் கோடு வரையுங்கள். எஃப்.எஸ்.ஆர். ஒவ்வொன்றும் தனி ரகம்; இணையத்தில் கிடைக்கும் அட்டவணை உங்கள் சென்சாருக்குப் பொருந்தாது.

இதே வேலையை விடியற்காலை ஒருமுறையும் நண்பகலில் ஒருமுறையும் செய்யுங்கள். மலையில் இரண்டுக்கும் நடுவே 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரும் நாட்கள் உண்டு, பூஜ்யம் (விசையே இல்லாதபோது சென்சார் காட்டும் அளவு) நகர்ந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு பிடிக்கும் முன் விரல்களைத் திறந்து வைத்து அரை நொடி சராசரி எடுத்துப் புதுப் பூஜ்யம் வையுங்கள். கை எந்தச் சாய்வில் பிடிக்கப்போகிறதோ அதே சாய்வில் எடுங்கள். இல்லாவிட்டால் விரலின் சொந்த எடையே விசையாகக் கணக்கில் ஏறும்.

6. உராய்வு பார்த்து விசை கணக்கிடுதல்

பலகையில் சிலிக்கோன் தாளை ஒட்டுங்கள். மூன்று பழங்களை உருளாதபடி ஓர் அட்டையில் பதித்து, பழத்தின் தோல் தாளைத் தொடும்படி கவிழ்த்து வையுங்கள். பலகையை மெதுவாகத் தூக்கி, சறுக்கத் தொடங்கும் கோணத்தைக் குறியுங்கள். அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட்தான் உராய்வுக் கெழு. 27 டிகிரியில் சறுக்கினால் 0.51, 17 டிகிரியில் சறுக்கினால் 0.31.

பழத்தின் மேல் தண்ணீர் தெளித்து மறுபடி செய்யுங்கள். இந்தப் பக்கம் மூடுபனி இறங்கினால் கிரேட் முழுக்க ஈரம்தான். பிளம்ஸாக இருந்தால் மேலே படிந்துள்ள சாம்பல் பூச்சோடும் பாருங்கள், வழவழப்பு கூடும். கிடைத்ததில் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு விரலும் தர வேண்டிய விசை: நிறையைப் புவியீர்ப்பு, தூக்கும் முடுக்கம் இரண்டின் கூட்டலால் பெருக்கி, கெழுவின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 250 கிராம் பழம், கெழு 0.3, தூக்கும் முடுக்கம் 2 மீ/நொடி² என்றால் 4.9 நியூட்டன். முடுக்கத்தை 0.5 ஆகக் குறைத்தால் 4.3 போதும். மெதுவாகத் தூக்கினாலே பழத்தின் மேல் விழும் அழுத்தம் குறைகிறது. இதோடு 1.3 மடங்கு காப்பு சேர்த்தால் 5.6 நியூட்டன். 60 கிராம் பிளம்ஸுக்கு அதே கணக்கு 1.3 நியூட்டன் அளவில் நிற்கும். ஒரே விசை இரண்டுக்கும் ஆகாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

7. பதம் பார்க்கும் அழுத்தம்

வீட்டில் பழத்தை வாங்கும்போது கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்ப்போமே, அதே வேலை. விசை 0.5 நியூட்டனிலிருந்து 2 நியூட்டனுக்கு ஏறும்போது விரல்களின் இடைவெளி எவ்வளவு குறைந்தது என்று சர்வோவைக் கேளுங்கள். விசை மாற்றத்தை இடைவெளி மாற்றத்தால் வகுத்தால் விறைப்பு வரும்.

அந்த எண் பழத்துடையது மட்டும் அல்ல. திண்டும் சேர்ந்தே அமுங்குகிறது. முதலில் மர உருண்டையை அழுத்தித் திண்டின் விறைப்பைத் தனியாக எடுங்கள். 1-ஐ மொத்த விறைப்பால் வகுத்து, அதிலிருந்து 1-ஐத் திண்டின் விறைப்பால் வகுத்ததைக் கழித்து, மிஞ்சியதைத் தலைகீழாக்கினால் பழத்தின் விறைப்பு.

திண்டு மி.மீ.-க்கு 4 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1.33 என்றால் பழம் 2. மொத்தம் 2.4 என்றால் பழம் 6. மொத்தம் 3.6 என்றால் பழம் 36! கல்லான பழத்தில் ஒரு சிறு பிழை விடையைத் தாறுமாறாக இழுக்கும். ஆகவே ஓர் எல்லைக்கு மேல் எண்ணை நம்பாமல் "கல்" என்று மட்டும் குறியுங்கள். கல் பழம் பிடியைத் தாங்கிக்கொள்ளும், அதில் துல்லியம் தேவையில்லை. துல்லியம் வேண்டியது மென்மையான முனையில்தான்; அங்கே இந்தக் கணக்கு நன்றாகவே நிற்கிறது.

விரல் மூடும் திசையில் மட்டும் அளவெடுங்கள். திறக்கும்போது பல்சக்கரத்தின் தொளதொளப்பும் இடைவெளியாகக் கணக்காகிவிடும். 2 நியூட்டனில் அரை நொடி நிறுத்தி விசை எவ்வளவு இறங்குகிறது என்றும் பாருங்கள்; கனிந்த பழத்தில் விசை கூடுதலாகத் தளரும். விறைப்பைவிட இந்தத் தளர்ச்சி பல நேரம் நல்ல சாட்சி.

8. பிடியை நிலைகளாகப் பிரித்தல்

நிரலை ஒரே நீளமாக எழுதாமல் ஏழு நிலைகளாகப் பிரியுங்கள்: அணுகல், தொடுதல், பதம் பார்த்தல், இறுக்குதல், சிறு தூக்கல், சுமத்தல், வைத்தல். ஒவ்வொரு நிலைக்கும் நுழைவு நிபந்தனை, வெளியேறும் நிபந்தனை, நேர வரம்பு மூன்றும் இருக்க வேண்டும். நேர வரம்பு இல்லாத நிலையில் ரோபோ பழத்தைப் பிடித்தபடி நின்றுவிடும்.

அணுகும்போது நொடிக்கு 20 மி.மீ., கடைசி 10 மி.மீ.-இல் 4 மி.மீ. எஃப்.எஸ்.ஆர். அளவு பூஜ்ய இரைச்சலின் திட்ட விலக்கத்தை (வழக்கமான ஏற்ற இறக்கத்தை) போல் 5 மடங்கு தாண்டினால் தொடுதல். ஒரு விரல் மட்டும் தொட்டால் அது தொடுதல் ஆகாது. பழம் நடுவில் இல்லை என்று பொருள். மற்ற விரல் தொடும்வரை மணிக்கட்டை, தொட்ட விரல் இருக்கும் பக்கமாக நகர்த்துங்கள். இதைச் செய்யாமல் மூடினால் ஒற்றை விரல் பழத்தை உருட்டிவிடும், அல்லது அண்டைப் பழத்தின் மேல் தேய்க்கும்.

9. நழுவலைக் கண்டுபிடித்தல்

10 மி.மீ. தூக்கி 300 மில்லிநொடி நில்லுங்கள். சர்வோவும் கையும் அசையாத இந்த இடைவேளையில்தான் நழுவலைப் பார்க்க வேண்டும்.

பழம் நழுவத் தொடங்கும்போது தோல் திண்டில் ஒட்டுவதும் விடுவதுமாக இருக்கும். அது நுண்ணிய அதிர்வாக வரும். நுனி அதிர்வு சென்சாரை நொடிக்கு 1,000 முறை படித்து, 50 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை மட்டும் வடிகட்டி எடுத்து, 50 மில்லிநொடிக்கு ஒரு முறை ஆற்றலைக் கூட்டுங்கள். மணிக்கட்டுச் சென்சாரிலும் அதே அதிர்வு அதே அளவில் இருந்தால் அது மோட்டார் சத்தம், நழுவல் அல்ல. ஒரே சென்சாரை வைத்துக்கொண்டு இதைப் பிரிக்க முடியாமல் பலர் திணறுகிறார்கள்.

இரண்டாவது சாட்சி, மேல் இரண்டு எஃப்.எஸ்.ஆர்.-களின் பங்கு குறைந்து கீழ் இரண்டின் பங்கு கூடுவது. மூன்றாவது, லோடு செல் விசை இறங்குவது. மூன்றில் இரண்டு சொன்னால் நழுவல் என்று எடுங்கள். மூன்றாவதை மட்டும் நம்பாதீர்கள். கனிந்த பழம் தளர்வதால்கூட அது இறங்கும்.

நழுவினால் விசையை 15 சதவீதம் ஏற்றுங்கள், இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். உச்சவரம்பு பதத்தைப் பொறுத்தது. மென்மை என்று 7-ம் படி சொன்ன பழம் நழுவினால் இறுக்கவே கூடாது. கீழே இறக்கிவிட்டு, அடியிலிருந்து ஏந்தும் பிடிக்கு மாறுங்கள், அல்லது ஆள் எடுக்கட்டும் என்று விடுங்கள். "எடுக்காதே" என்பதும் ஒரு முடிவு. நிரலில் அதற்கு இடம் வையுங்கள்.

10. தரவு சேர்த்தல்

விதிகள் மட்டும் கொண்ட கிரிப்பர் ஓடத் தொடங்கிய பிறகே இந்தப் படி. 100 பழங்களுக்கு எண் ஸ்டிக்கர் ஒட்டி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு இடத்தில் 3 முறை பிடியுங்கள். அதற்கு மேல் வேண்டாம்: அழுத்த அழுத்தப் பழமே மாறிவிடும். விறைப்பு, தளர்ச்சி, இடைவெளி, உச்ச விசை, அதிர்வு ஆற்றல், மேல்-கீழ் பங்கு ஆகிய ஆறு எண்களையும் பழ எண்ணோடு பதியுங்கள்.

சரி, நழுவியது, நசுங்கியது என்று மூன்று பெயர்கள். நசுங்கியதை அப்போதே பார்த்துச் சொல்ல முடியாது. பட்டர் ஃப்ரூட்டில் காயம் உள்ளேதான் கறுக்கும். 2 நாள் வைத்து, வெட்டிப் பார்த்துப் பெயரிடுங்கள். இதைத் தவிர்த்து வெளித்தோலைப் பார்த்து "சரி" போட்ட தரவு, நசுக்குவதையே மாடலுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது பழ எண்ணை வைத்துப் பிரியுங்கள். 300 பிடிகளைக் கலைத்துப் பிரித்தால் ஒரே பழம் இரு பக்கமும் இருக்கும். மாடல் அந்தப் பழத்தை நினைவில் வைத்துக்கொண்டு உயர்ந்த மதிப்பெண் காட்டும், மறுநாள் புதுப் பழத்தில் கவிழும். முடிந்தால் ஒரு முழு நாளின் பழங்களை, அதுவும் மூடுபனி நாள் ஒன்றை, சோதனைக்கென்று ஒதுக்குங்கள்.

11. மாடலும் முடிவும்

ஆறு எண்களுக்கு ஆழ்கற்றல் தேவையில்லை. 4 அடுக்கு ஆழத்தில் 30 மரங்கள் கொண்ட ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் விடைகளைச் சேர்த்துச் சொல்லும் மாடல்) போதும். அதை நிபந்தனை வரிகளாக மாற்றி இ.எஸ்.பி.32-க்குள்ளேயே ஓட்டலாம், நெட்வொர்க் போனாலும் விரல் நிற்காது.

மாடலிடம் "சரியா, தவறா" என்று கேட்காமல், கெடும் வாய்ப்பு எவ்வளவு என்று கேளுங்கள். எல்லையைச் செலவு தீர்மானிக்கட்டும். ஒரு பழம் கெடுவது, ஆளிடம் விடுவதைவிட 10 மடங்கு செலவு என்றால், கெடும் வாய்ப்பு 0.1-க்குக் கீழே இருந்தால் மட்டும் தூக்குங்கள். வழக்கமான 0.5 எல்லையை அப்படியே வைப்பது இந்த வேலையில் பெரிய தவறு.

9-ம் படியில் வைத்த விசை வரம்புகளை மாடல் மீறக்கூடாது. மாடல் யோசனை சொல்லும். உச்சவரம்பு விதியிடமே இருக்கட்டும்.

12. ஷெட்டில் தினமும்

காலையில் முதல் பழத்துக்கு முன் மூன்று சோதனை: விரல் திறந்த நிலையில் பூஜ்யம், 100 கிராம் எடைக்கல்லுக்கு 0.98 நியூட்டன், மர உருண்டையின் விறைப்பு. பதிவேட்டில் தேதியோடு எழுதுங்கள். உருண்டையின் விறைப்பு முதல் நாள் அளவிலிருந்து 10 சதவீதம் விலகினால் திண்டு இறுகிவிட்டது அல்லது கிழியத் தொடங்கிவிட்டது; மாற்றி, 5-ம் படியிலிருந்து மறுபடி வாருங்கள்.

திண்டை மணிக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். பழத்தின் மெழுகும் தோட்டத்து மண்ணும் படிந்த திண்டில், 6-ம் படியில் எடுத்த கெழு செல்லாது.